வெயில் பட்ட இடம்

எனக்கு வாய் நீளம். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் எந்தத் தோட்டத்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "நாகலெட்சுமியா, ஆத்தாடி!" என்பார்கள். என் புருஷன் அழகன் எனக்கு நேர் எதிர்ப் பிறவி. தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுகிற சத்தம்தான் அவர் பேச்சு. ஒரு நாளைக்கு நான் பேசுவதில் கால்வாசிகூட அவர் ஒரு வருஷத்தில் பேசமாட்டார். அப்படிப்பட்ட மனுஷன் ஒருநாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில், அத்தனை பேருக்கும் நடுவே, "என்னப் பத்தி ஏன் சொல்றீங்க?" என்று தொரை பங்களாவைப் பார்த்துக் கத்தினார்.

பங்களாவில் அப்போது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அதில் தன் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்களாம். அன்றையிலிருந்து ரேடியோ இல்லாத இடத்திலும் திட்டு கேட்டது. குழாய்ப் பீலியில் கொட்டுகிற தண்ணீரில் கேட்டது. லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் கேட்டது. சோற்றில் விஷம் இருக்கிறது என்று தட்டைத் தள்ளினார். நான் பிசைந்த சோறு! அடுப்பு ஊதி ஊதிக் கண் சிவக்க ஆக்கிய சோறு! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவர் கண்ணைப் பார்த்ததும் கோபமெல்லாம் போய்விட்டது. அவ்வளவு பயம் அந்தக் கண்ணில். அவர் பயந்து நான் பார்த்ததே கிடையாது.

கோடாங்கி வந்தான், கயிறு கட்டினான், கோழி வாங்கிக்கொண்டு போனான். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இறம்பொடையிலிருந்து அவருடைய அக்கா சண்முகவடிவு வந்தார். எனக்கு மதினி. நான் எட்டு வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை பேசுகிற ரகம், தம்பியைப் போலவே. வந்து தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம் நாகு. இன்னைக்கே" என்றார்.

கண்டியில் மதினி யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக நடந்தார், இடது பக்கம் திரும்பினார், படி ஏறினார், அந்த டாக்டர் அறை வந்துவிட்டது. எப்படி என்று நான் கேட்டதற்கு, "முன்ன யாரோ ஒருத்தங்களோட வந்தேன்" என்றார். நான் இருந்த பதற்றத்தில் அதைத் துருவவில்லை.

டாக்டர் நம் ஆள்தான். பொறுமையாகப் பேசினார். "இவங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திச்சா? அம்மா, அப்பா, கூடப் பொறந்தவங்க?" என்று கேட்டார். நான் மதினியைப் பார்த்தேன். எனக்கென்ன தெரியும், நான் வாக்கப்பட்டு வந்தவள்தானே. "யாருக்கும் இல்லீங்க" என்றார் மதினி, தரையைப் பார்த்துக்கொண்டு. டாக்டர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு மாத்திரை எழுதினார். வாயில் நுழையாத பெயர். தூக்கம் வரும், நாக்கு வறளும், வெயிலில் அலைய விடாதீர்கள் என்றார்.

வெயிலாம் வெயில்! அக்கரப்பத்தனையில் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம், கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொழுந்து எடுக்கிற ஊர். டாக்டர்மார் எல்லாருக்கும் சொல்வதைச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

மாத்திரை வேலை செய்தது. சாமி சத்தியமாக வேலை செய்தது. முதலில் நாள் முழுக்கத் தூங்கினார். பிறகு எழுந்து சாப்பிட்டார். கை கொஞ்சம் நடுங்கியது, நடை கொஞ்சம் கட்டையாக இருந்தது, முகத்தில் சிரிப்பும் இல்லை அழுகையும் இல்லை. ஆனால் பயம் போய்விட்டது. "இப்ப சத்தம் கேக்குதாங்க?" என்று கேட்டால், "கேக்குது. ஆனா தூரத்துல. யாரையோ சொல்றாங்க" என்பார். மழைக்காலம் முடிவதற்குள் அதுவும் நின்றது. மறுபடி கத்தியைத் தீட்டிக்கொண்டு கவ்வாத்துக்குப் போனார். நானும் வயிற்றில் ஒன்றைச் சுமந்துகொண்டு மலைக்குப் போனேன். தலைப்பிள்ளை. இனி எனக்கு என்ன குறை என்று இருந்தேன்.

அந்த மாசியில் பனி விழுந்து, அதன் பின்னால் சுள்ளென்று வெயில் காய்ந்தது. கவ்வாத்து வெட்டின மலையில் நிழல் ஏது? செடியெல்லாம் குச்சியாக நிற்கும், பகல் முழுக்க மொட்டை வெயில். ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தவருடைய முகத்தைப் பார்த்துப் பதறிப்போனேன். முகம் செக்கச் செவேலென்று வீங்கி, கழுத்திலும் கையிலும் பொரிப்பொரியாகப் போட்டிருந்தது. தொட்டால் கொதித்தது.

மேல் லயத்தில் அப்போதுதான் ரெண்டு வீட்டில் அம்மை. பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு அக்கா எட்டிப் பார்த்த உடனேயே கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா வந்திருக்காடி. வேப்பிலையைக் கட்டு. தாளிப்பை நிறுத்து. மருந்து மாத்திர ஒண்ணும் குடுத்துராத, ஆத்தா இருக்கிற ஒடம்புல மருந்து போனா கண்ணப் பறிச்சிருவா."

நம் வழக்கம் அதுதானே. அம்மன் உடம்பில் இருக்கும்போது யார் மருந்து கொடுப்பார்கள்? தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவளை அனுப்பும்வரை மஞ்சளும் வேப்பிலையும்தான் மருந்து. கேட்பதற்குத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவும் இல்லை, லீவில் யாழ்ப்பாணம் போயிருந்தார். மாத்திரைப் போத்தலைத் துணியில் சுற்றி முகட்டில் செருகினேன். வாசலில் வேப்பிலை கட்டினேன்.

உள்ளே இருட்டில் படுத்திருந்ததால் வீக்கம் வற்றியது. முகம் கறுத்து, தோல் உரியத் தொடங்கியது. "பாத்தியா, ஆத்தா குளுந்துட்டா" என்றார்கள் எல்லாரும். ஆனால் தூக்கம் போய்விட்டது அவருக்கு. ஒரு வாரம் போவதற்குள் சுவரில் காதை வைத்தார். கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளினார். "நீயும் அவங்களோட சேந்துட்டியா நாகு?" என்று என்னைக் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் நான் செத்துப் பிழைத்தேன். மாத்திரை கொடுத்தால் அம்மன் கண்ணைப் பறிப்பாள். கொடுக்காவிட்டால் மனுஷன் என் கையைவிட்டுப் போய்விடுவார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து மாரியம்மாளைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது? பிறகு பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இறம்பொடைக்கு ஆள் அனுப்பினேன்.

மதினி மறுநாளே வந்துவிட்டார், புருஷன் பொன்னையாவோடு. வாசலில் வைத்த மஞ்சள் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். பொன்னையா அண்ணன் கும்பிட்டுவிட்டுக் கதவோரம் நின்றார். அம்மாக்கண்ணு அக்காவும் வந்து உட்கார்ந்தார்.

மதினி தம்பி பக்கத்தில் குந்தி, அவர் முகத்தைப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றினார். நெஞ்சில் ஒன்றுமில்லை. சட்டைக் கையை மேலே சுருட்டினார். சட்டை மறைத்த இடத்தில் தோல் பளிங்காக இருந்தது. மறைக்காத இடத்தில் கோடு கிழித்த மாதிரி கறுத்து உரிந்திருந்தது.

"நாகு, மாத்திர எங்க?"

"என்ன மதினி பேசறீங்க! ஆத்தா இருக்கா."

"ஆத்தா இல்ல."

"அடி வடிவு, வாயக் கழுவுடி!" என்று அம்மாக்கண்ணு அக்கா எழுந்தே விட்டார்.

"ஆத்தா வந்தா மேலெல்லாம் வெளையாடுவா. சட்டைக்கு வெளியில மட்டுமா வெளையாடுவா? இது வெயில் பட்ட எடம். அந்த மாத்திர சாப்புட்டா வெயில் ஆகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். எனக்குக் குரல் ஏறிவிட்டது. "டாக்டருக்குப் படிச்சீங்களா? கண்டியில அவரு சொன்னதுதான், எனக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்காக ஒரு மனுசன் மூஞ்சி இப்படியா வேகும்?"

மதினி புருஷனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது. அடி விழப்போகிறது என்று தெரிந்தும் கையை நீட்டுகிற பிள்ளை பார்க்குமே, அப்படி. பிறகு மாராப்பை விலக்கி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மாத்திரைகள். நான் முகட்டில் செருகி வைத்திருந்த அதே நிறம், அதே அளவு.

"எனக்கும் அதே சீக்குதான் நாகு. எனக்கு அம்மா சத்தம் கேட்டுச்சு. கெணத்துப் பக்கம் வா, வான்னு. கல்யாணத்துக்குப் பொறகுதான் ஆரம்பிச்சது. நானே ஒருத்தியாக் கண்டிக்குப் போயி மாத்திர வாங்கிச் சாப்புடறேன். மொதத் தடவ எனக்கும் மூஞ்சி இப்படித்தான் வெந்துச்சு. அதுலருந்துதான் மலையில முக்காடு போட்டுக்கிட்டு நிக்கிறேன்."

அவர் தம்பியின் கையை விடாமல் சொல்லிக்கொண்டே போனார். "எங்கம்மா நாங்க சொன்ன மாதிரி காய்ச்சல்ல சாகல. அதுக்கும் இதுதான். கோயில் மண்டபத்துல கட்டிப் போட்டாங்க. அங்கயே போயிருச்சு. இது எங்க ரத்தத்துல இருக்கு. அந்த டாக்டருக்கு என்னை நல்லாத் தெரியும். நான் இல்லன்னு சொன்னப்ப ஒண்ணுமே சொல்லாம, எனக்குக் கேட்ட மருந்தையே தம்பிக்கும் எழுதிக் குடுத்தாரு. ஒரே வயித்துல பொறந்தவங்களுக்கு ஒரே மருந்து கேக்கும்னு நெனச்சிருப்பாரு. கேட்டுச்சுல்ல?"

எனக்குக் கோபம் வராமல் இருக்குமா? "பொண்ணு கேட்டு வந்தப்ப ஒரு வார்த்த சொன்னீங்களா? எங்க அப்பாரு வம்சம் கேட்டாரே, எல்லாம் சுத்தம்னு சொன்னீங்களே! கண்டியிலயாவது சொன்னீங்களா? இந்த ஒரு வாரமா இவரு படுற பாட்டப் பாருங்க!" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். இன்னும் என்னென்னவோ கேட்டிருப்பேன். கதவோரம் பொன்னையா அண்ணன் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும்தான் என் வாய் நின்றது.

"மாசா மாசம் கண்டிக்குப் போனது இதுக்கா?" என்றார் அவர். "நேத்திக்கடன்னு சொன்னியே வடிவு."

மதினி தலையைக் குனிந்துகொண்டார். "சொன்னா அனுப்பி விட்டுருவீங்கன்னு பயம்."

"அடிப் பாவி! லயத்துல என்னென்ன சொன்னாய்ங்க தெரியுமா? கண்டியில எவனையோ பாக்கப் போறான்னு சொன்னாய்ங்க. நான் கேக்கல. கேட்டா ஆமான்னு சொல்லிருவியோன்னு கேக்கல. நெஞ்சு வெந்துகிட்டுல்ல கெடந்தேன்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பெரிய ஆம்பிளை குலுங்கிக் குலுங்கி அழுதார். "சீக்குன்னு சொல்லியிருந்தா பஸ் ஏத்திவிட வந்திருப்பேனே. கூடவே வந்திருப்பேனேடி." அழுகைக்கு நடுவே சிரித்தும்விட்டார். அம்மாக்கண்ணு அக்காவே மூக்கைச் சிந்தினார்.

ஆனால் நான் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மதினி சொல்வது சரி என்று புத்தி சொன்னது. வாசலில் கட்டியிருந்த வேப்பிலையைப் பார்த்தால் கை வரவில்லை. ஒருவேளை ஆத்தாவாகவே இருந்தால்? என் வயிற்றில் பிள்ளை வேறு இருக்கிறது. "எனக்குப் பயமா இருக்கு மதினி" என்று சொல்லிவிட்டேன். நான் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்கிற ஆள் இல்லை.

"பயப்படாத. தப்புன்னா தப்பு என்னோடது" என்றார் மதினி. வேப்பிலையைப் பார்த்துக் கும்பிட்டார். "ஆத்தா, நீயா இருந்தா என் கண்ண எடுத்துக்க. என் தம்பியை விட்டுரு." சொல்லிவிட்டு, முடிச்சிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தன் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். எல்லாரும் பார்க்க. இத்தனை காலமும் பீலிக்குப் பின்னாலும் செடிக்கு நடுவிலும் ஒளிந்து விழுங்கிய மாத்திரை அது.

என் புருஷன் சுவரிலிருந்து காதை எடுத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சியைத் தள்ளின மனுஷன். என்னையே நம்பாத மனுஷன்.

"அக்கா," என்றார், "உனக்குமா சத்தம் கேக்குது?"

"கேட்டுச்சு தம்பி. இப்ப இல்ல."

"விஷம் இல்லையே?"

"விஷம்னா நானும் உன்கூடத்தான் வருவேன்."

அவர் கையை நீட்டினார். இன்னொரு மாத்திரையை மதினி அந்தக் கையில் வைத்தார். நான் செம்பை அவர் வாயில் சாய்த்தேன், பாதித் தண்ணீர் மார்பில் சிந்தியது. விழுங்கினார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது இறங்குகிறவரைக்கும்.

டிஸ்பென்சர் ஐயா பரமலிங்கம் திரும்பி வந்ததும் எனக்கு நல்ல ஏச்சு விழுந்தது. "எடி பிள்ளை, கண்டியில என்ன சொன்னவை எண்டு என்னட்டயும் ஒருக்காச் சொல்லியிருக்கலாமெல்லோ? மருந்தை அப்பிடிச் சடாரெண்டு நிப்பாட்டக் கூடாது" என்றார். பிறகு அவரே தொரையிடம் பேசி, என் புருஷனைக் கவ்வாத்திலிருந்து எடுத்துத் தேயிலை ஸ்டோருக்குள் கொழுந்து வாட்டுகிற மாடியில் போட்டுக் கொடுத்தார். அங்கே வெயில் வராது. கத்தியை விட்டுக் கொடுக்க அவருக்கு மனசில்லை. ஆனாலும் போனார்.

நான் ஐயாவிடம் கேட்கவேண்டியதைக் கேட்டேன். வயிற்றைக் காட்டிக் கேட்டேன். "இதுக்கும் வருமாங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை. "வரலாம் பிள்ளை. தகப்பனுக்கு இருந்தா பத்தில ஒண்டுக்கு வரும் எண்டு சொல்லுகினம். மற்ற ஒன்பதுக்கும் வராது. ஏன் ஒண்டுக்கு வருது, ஏன் மற்றதுக்கு வரேல்லை எண்டு ஒருத்தருக்கும் இன்னும் சரியாத் தெரியாது. வந்தாலும் தகப்பனுக்கும் தகப்பன்ர அக்காவுக்கும் கேட்ட மருந்து இதுக்கும் கேக்கக்கூடும். நிச்சயம் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா ஒளிச்சு வச்சா மருந்து கேக்காது, அது நிச்சயம்."

வீட்டுக்கு வந்து அழுதேன். பத்தில் ஒன்று பெரிதாகவும் தெரிந்தது, சிறிதாகவும் தெரிந்தது. நினைக்கிற நேரத்தைப் பொறுத்தது அது.

ஆடியில் பெண் பிறந்தாள். பேர் வைக்கிற அன்று இறம்பொடையிலிருந்து மதினியும் அண்ணனும் வந்தார்கள். இப்போது கண்டிக்கு ரெண்டு பேருமாகத்தான் போய் வருகிறார்கள். வரும்போது மீன் வாங்கி வருவதாகப் பொன்னையா அண்ணன் பெருமையடித்தார். எங்கள் வழக்கப்படி பிள்ளை காதில் பெயரைச் சொல்லவேண்டியது அப்பனுடைய அக்கா. மதினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன பேரு?" என்று என்னைக் கேட்டார். நான் ராணி என்று நினைத்து வைத்திருந்தேன்.

"காளியாயி" என்றார் என் புருஷன்.

மதினியின் முகம் வெளுத்துவிட்டது. பழைய ஆளான அம்மாக்கண்ணு அக்கா, "வேணாம் அழகா, வேணாம்யா" என்றார். எனக்குப் புரியவில்லை. ஒரு நொடி கழித்துப் புரிந்தது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் யாரும் உச்சரிக்காத பெயர். என் மாமியார் பெயர். பெயரை வைத்தால் அந்தச் சீக்கும் கூடவே வந்து ஒட்டும் என்று பயந்து, குடும்பத்தில் யாருக்கும் வைக்காமல் விட்ட பெயர்.

"ஏங்க, எதுக்குங்க அந்தப் பேரு?" என்றேன்.

"நான் அப்ப சின்னப் பய" என்றார் அவர். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடிச் சொன்னார். "கட்டிப் போட்டிருந்த எடத்துக்குச் சோறு கொண்டு போவேன். திங்காது. விஷம்னு சொல்லும். எனக்குக் கோவம் கோவமா வரும். இப்பத்தான் தெரியுது, அம்மாவுக்கு எப்படிப் பயமா இருந்திருக்கும்னு. ஒரே ஒரு மாத்திர, நாகு. அம்மாவுக்கு அது கெடைக்கல." அவர் உதடு கோணியது. சிரிப்பும் அழுகையும் இல்லாமல் இருந்த அந்த முகத்தில் கண்ணீர் இறங்கியது. மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து இந்த மனுஷன் அழுததே இல்லை. நான் தடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

பிறகு என் பிள்ளையைப் பார்த்தேன். பத்தில் ஒன்று. பயமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் பெயரை ஒளித்து வைத்தா அந்தப் பயத்தை விரட்டப்போகிறேன்? ஒளித்து வைத்து இந்த வீடு பட்டது போதும்.

"மதினி, சொல்லுங்க. உங்கம்மா பேரச் சொல்லுங்க" என்றேன்.

மதினி பிள்ளையின் காதில் வாயை வைத்தார். குரல் வரவில்லை. என் புருஷன் தவழ்ந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு காதில் வாயை வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து, இரண்டு காதிலும், தங்கள் அம்மாவைக் கூப்பிட்டார்கள்.